எதை எடுக்கிறது, எப்படி ஃபிரேம் பண்றது: புதுசா போட்டோ எடுக்க ஆரம்பிச்சவங்களுக்கு

புதுசா கேமரா வாங்கினவங்களும் சரி, கையில இருக்குற போன்லயே கொஞ்சம் அக்கறையா எடுத்துப் பழகலாம்னு ஆரம்பிச்சவங்களும் சரி, ஒரு மாசம் கழிச்சு வந்து முட்டி நிக்கிற இடம் ஒண்ணுதான். செட்டிங்ஸ் எல்லாம் ஓரளவு புரிஞ்சிடுச்சு, ஆனா எதை எடுக்கிறதுன்னே தெரியல, சுத்திப் பார்த்தா எடுக்குற மாதிரி ஒண்ணுமே இல்ல. இல்லன்னா நேர்ல பார்க்கும்போது அவ்ளோ அழகா இருந்துச்சு, போட்டோவுல பார்த்தா சப்புன்னு இருக்கு. ரெண்டும் வேற வேற குறை மாதிரி தெரியும். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்னு நான் நம்புறேன். நம்ம கண்ணு ஒரு இடத்துல நின்னுடுது, ஏன் நின்னுச்சுன்னு கேக்காமலே பட்டனை அமுக்கிடுறோம்.

அந்த ஏன் கிடைச்சிடுச்சுன்னா எங்க நிக்கணும், எதை விடணும், எப்போ அமுக்கணும்ங்கிறது பாதி தானாவே வந்துடும். கீழ சொல்லப்போற படிகள் எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சுத்திதான் இருக்கு. போன்ல எடுத்தாலும் கேமராவுல எடுத்தாலும் பொருந்தும்.

முதல் படி: இடத்தைச் சுருக்குங்க

நல்ல போட்டோ வேணும்னா எங்கயாச்சும் தூரமா போகணும்னு நினைக்காதீங்க. புது இடத்துக்குப் போனா எல்லாமே புதுசா இருக்குறதால எல்லாத்தையும் எடுப்போம், எதையும் பார்க்க மாட்டோம். அதுக்கு பதிலா ஒரு ரூம், ஒரு மாடிப்படி, ஒரு தெரு முனை, ஏதோ ஒண்ணை எடுத்துக்கோங்க. இருபது அடி எடுத்து வச்சா முடிஞ்சிடுற அளவு இடம் போதும். அங்க அரை மணி நேரம் இருக்கணும், முதல் பத்து நிமிஷம் கேமராவைத் தொடவே கூடாது. போர் அடிக்கும், அடிக்கட்டும். முதல் ரெண்டு மூணு நிமிஷத்துல எல்லாரும் பார்க்குறது மட்டும்தான் கண்ணுல படும், அது தீர்ந்த பிறகுதான் சுவத்துல விழுந்த கம்பி நிழல், ஈரமான தரையில தலைகீழா தெரியுற ஜன்னல், ஒரே மாதிரி அடுக்கி வச்சதுல திரும்பி இருக்குற ஒண்ணே ஒண்ணு, இதெல்லாம் வர ஆரம்பிக்கும்.

சின்ன இடம் போதுமான்னு சந்தேகம் வந்தா யோசெஃப் சூடெக்கை நினைச்சுக்கோங்க. செக் நாட்டு போட்டோகிராஃபர், முதல் உலகப் போர்ல வலது கையை இழந்தவர். பிராக் நகரத்துல இருந்த தன்னோட ஸ்டுடியோ ஜன்னலை 1940ல எடுக்க ஆரம்பிச்சு 1954 வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தார். அதே கண்ணாடி, வெளிய அதே மரம். ஒருநாள் கண்ணாடியில நீர்த்துளி, ஒருநாள் பனி, ஒருநாள் ஜன்னல் ஓரமா ஒரு டம்ளர். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்க, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.

ரெண்டாவது படி: கண்ணு ஏன் நின்னுச்சுன்னு ஒரு வாக்கியத்துல சொல்லுங்க

இதுதான் எல்லாத்துக்கும் நடு. ஏதோ ஒண்ணு பிடிச்சிருக்கு, கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்க. அதுல பொருளோட பேர் மட்டும் இருந்தா பத்தாது. "நாற்காலி"ன்னு சொன்னா எதை எடுக்கணும்னு உங்களுக்கே தெரியாது. "நாற்காலியோட நிழல் நாற்காலியை விட நீளமா போய் சுவத்துல ஏறி மடங்குது"ன்னு சொல்லிப் பாருங்க, இப்போ உங்க சப்ஜெக்ட் நாற்காலியே இல்ல, அந்த மடங்குற நிழல். நாற்காலி முழுசா ஃபிரேமுக்குள்ள வரணும்ங்கிற அவசியம் போயிடுச்சு, சுவரும் தரையும் சேர்ற கோடு கண்டிப்பா வேணும்ங்கிறது வந்துடுச்சு. கம்போசிஷன்ல, அதாவது ஃபிரேமுக்குள்ள எதை எங்க வைக்கிறதுங்கிறதுல, பாதி முடிஞ்சுது.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். ஒரு பழைய மரக் கதவு ரொம்ப நாளா என்னை இழுத்துக்கிட்டே இருந்துச்சு, போகும்போதெல்லாம் முழுக் கதவையும் நேரா நின்னு எடுப்பேன், வந்து பார்த்தா வெறும் கதவு. ஒருநாள் எடுக்காம சும்மா பக்கத்துல போய் நின்னப்போதான் தெரிஞ்சுது, கைப்பிடியைச் சுத்தி மட்டும் பெயின்ட் தேஞ்சு, கை பட்டுப் பட்டு மரம் வழவழன்னு மின்னுது. அத்தனை நாளும் என்னை இழுத்தது அந்த ஒரு சாண் இடம். கிட்டப் போய் அதை மட்டும் எடுத்தேன், அந்தப் படம் இன்னைக்கும் என்கிட்ட இருக்கு. முழுக் கதவு படம் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.

கண்ணு நிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுல ஏதோ ஒண்ணா இருக்கும்: வெளிச்சம் விழுந்த விதம், ஒரு வடிவம், ஒரு நிறம் மட்டும் தனியா தெரியுறது, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்றதும் அது உடையுற இடமும், ஒரு ஆளோட கை அசைவு இல்ல முகபாவம், அப்புறம் சம்பந்தமே இல்லாத ரெண்டு பொருள் பக்கத்துல பக்கத்துல இருக்குறது. கடைசியா சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா பழகப் பழகத்தான் கண்ணுல மாட்டும், ஆரம்பத்துல வெளிச்சத்தையும் வடிவத்தையும் பிடிச்சுக்கோங்க. வாக்கியமே வரலன்னா எடுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், எடுங்க, ஆனா வரலங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மூணாவது படி: வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க

வெளிச்சத்தைப் பார்க்கப் பழகுறதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்ப சுலபமான வழி உங்க கைதான். கையை முன்னாடி நீட்டிக்கிட்டு மெதுவா ஒரு முழு சுத்து சுத்துங்க. ஒரு பக்கம் திரும்பினா கை தட்டையா வெள்ளையா தெரியும், கொஞ்சம் திரும்பினா விரல் மடிப்பும் நரம்பும் எழும்பி நிக்கும், இன்னும் திரும்பினா கை இருட்டாகி ஓரத்துல மட்டும் ஒரு வெள்ளிக் கோடு ஓடும். முன்னாடி இருந்து வர்ற வெளிச்சம், பக்கத்துல இருந்து வர்றது, பின்னாடி இருந்து வர்றது, மூணும் இதுக்குள்ளயே இருக்கு. சொரசொரப்பு, சுருக்கம், மரத்தோட வரி இதெல்லாம் காட்டணும்னா பக்க வெளிச்சம். இலை, புகை, தலைமுடி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற விஷயம்னா பின் வெளிச்சம், இலைக்குள்ள இருக்குற நரம்பெல்லாம் அப்போதான் தெரியும். நிறம் மட்டும்தான் முக்கியம்னா முன் வெளிச்சமே போதும்.

காலையிலயும் சாயங்காலமும் எடுங்கன்னு எல்லாரும் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சூரியன் தாழ்வா இருக்குறதால வெளிச்சம் பக்கவாட்டுல வருது, காத்துல நிறைய தூரம் கடந்து வர்றதால நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுது. ஆனா மத்தியானம்னா கேமராவை மூடி வைக்கணும்னு ஒண்ணும் இல்ல. உச்சி வெயில்ல முகம் எடுத்தா கண்ணு ரெண்டும் குழியாத்தான் தெரியும், அதுக்கு ஆளை நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க, வாசலோ ஜன்னலோ பக்கத்துல நிக்க வைங்க. அதே வெயில்ல கறுப்பும் வெள்ளையுமா கூர்மையா வெட்டி விழுற நிழல்களைத் தனியா எடுத்தா அதுவே நல்ல சப்ஜெக்ட். மேகமூட்டமா இருந்தா சலிச்சுக்காதீங்க, முகத்துக்கும் பூவுக்கும் அதைவிட மென்மையான வெளிச்சம் கிடையாது, வானத்தை மட்டும் ஃபிரேம்ல சேர்க்காதீங்க, வெறும் வெள்ளையா வந்து கண்ணை அங்க இழுத்துடும்.

எட்வர்ட் வெஸ்டன்ங்கிற அமெரிக்க போட்டோகிராஃபர் 1930ல ஒரு குடைமிளகாயை எடுத்த படம் ரொம்பப் பிரபலம், முறுக்கேறின உடம்பு மாதிரி இருக்கும். வெவ்வேறு மிளகாயை வச்சு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்த பிறகு, ஒரு தகரப் புனலுக்குள்ள அதை வச்சு எடுத்ததுதான் அது. புனலோட உள்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினதுல ஒவ்வொரு வளைவுக்கும் ஓரத்துல ஒரு ஒளி கிடைச்சுது. மிளகாய் எல்லா வீட்டுலயும் இருக்கு, அந்த வெளிச்சத்தைத் தேடின பொறுமையைத்தான் நாம கத்துக்கணும்.

போன்ல எடுக்குறவங்களுக்கு இங்க ஒரு முக்கியமான விஷயம். போன் எப்பவும் இருட்டான இடத்தை வெளிச்சமாக்கத்தான் பார்க்கும், அதனால நீங்க நிழலுக்காக எடுத்த படத்துல நிழலே வெளுத்துப் போயிடும். ஸ்கிரீன்ல வெளிச்சமான பகுதியைத் தொடுங்க, நிறைய போன்ல அங்கயே கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தோட வெளிச்ச அளவு) லாக் ஆயிடும், அப்புறம் சூரியன் மாதிரி வர்ற அந்தச் சின்ன ஸ்லைடரைக் கீழ இறக்குங்க. கேமராவா இருந்தா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) மைனஸ் 1 பக்கம் கொண்டுபோய் பாருங்க. நிழல் நிழலா வந்தாதான் வெளிச்சம் வெளிச்சமா தெரியும்.

நாலாவது படி: சப்ஜெக்டை விட்டுட்டு பின்னாடி பாருங்க

ஆரம்பத்துல வர்ற படங்கள்ல பாதிக்கு மேல கெட்டுப்போறது பேக்ரவுண்டாலதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. நம்ம மூளை பிடிச்சதை மட்டும் பார்த்துட்டு மத்ததை ஒதுக்கிடும், கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, தலைக்குப் பின்னாடி நிக்கிற கம்பம் தலையில இருந்து முளைச்ச மாதிரி வரும். அதனால சப்ஜெக்ட் கிடைச்சதும் அதைப் பார்க்குறதை நிறுத்திட்டு அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. அப்புறம் ஒரு அடி இடது பக்கம் நகருங்க, ஒரு அடி வலது பக்கம், முட்டி போட்டு உட்காருங்க, கையை மேல தூக்கிப் பிடிங்க. சப்ஜெக்ட் அங்கயேதான் இருக்கும், பின்னாடி இருக்குறது முழுசா மாறிப்போகும். கீழ உட்கார்ந்தா குப்பையான தெருவுக்கு பதிலா வானம் வரும், மேல இருந்து பார்த்தா வெறும் தரை வரும், இந்த ரெண்டும் காசு செலவில்லாம கிடைக்கிற சுத்தமான பேக்ரவுண்ட்.

போர்ட்ரெய்ட் மோட் போட்டா பின்னாடி மங்கலாயிடுமேன்னு கேப்பீங்க. மங்கலாகும், ஆனா பளீர்னு இருக்குற சிவப்பு மங்கலானாலும் பளீர் சிவப்பாத்தான் இருக்கும். முதல்ல நகருங்க, மங்கலாக்குறது அதுக்கப்புறம்.

அஞ்சாவது படி: நடந்து போங்க

ஒரே சப்ஜெக்டை மூணு தூரத்துல எடுங்க. தூரத்துல இருந்து சுத்தியிருக்குற இடத்தோட, நடுவுல இருந்து, அப்புறம் இதுக்கு மேல போகக் கூச்சமா இருக்கேன்னு தோணுற அளவு கிட்டப் போய். நின்ன இடத்துலயே ஜூம் பண்றதும் நடந்து போறதும் ஒண்ணு இல்ல. ஜூம் பண்ணா இருக்குற காட்சியில ஒரு துண்டு வெட்டி எடுக்குது, நடந்தா முன்னாடி இருக்குறதுக்கும் பின்னாடி இருக்குறதுக்கும் நடுவுல இருக்குற உறவே மாறுது. முகம் எடுக்கும்போது மட்டும் இதுக்கு நேர் எதிரா பண்ணுங்க. போனோட மெயின் லென்ஸ் பெரும்பாலும் 24ல இருந்து 26 மில்லிமீட்டருக்குச் சமமான அகலமான லென்ஸ், முகத்துக்கு ரொம்பக் கிட்டப் போனா மூக்கு பெருசா தெரியும், அதனால ரெண்டு அடி பின்னாடி வந்து 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் வச்சு எடுங்க.

கிட்டப் போறதால என்ன ஆகும்னு பார்க்கணும்னா டோரத்தியா லாங்ங்கிற அமெரிக்க போட்டோகிராஃபர் 1936 மார்ச்ல கலிபோர்னியாவுல ஒரு கூலித் தொழிலாளர் முகாம்ல எடுத்த வரிசையைப் பாருங்க. வறுமையில இருக்குற ஒரு தாயும் குழந்தைகளும். தூரமா நின்னு எடுத்த படத்துல கூடாரம், சாமான், சுத்தி இருக்குற வெளி எல்லாம் தெரியுது. உலகத்துக்கே தெரிஞ்ச படத்துல கூடாரம் கிட்டத்தட்ட காணாமப் போயிடுச்சு, ரெண்டு குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கிட்டு தோள்ல சாஞ்சிருக்காங்க, தாயோட முகமும் தாடையைத் தொட்டுக்கிட்டிருக்குற கையும் மட்டும்தான். அந்தக் கையைப் பார்த்ததும் அவங்க நிலைமை முழுசா புரிஞ்சிடுது.

ஆறாவது படி: நாலு ஓரத்தையும் ஒரு சுத்து பாருங்க

பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட், கண்ணை ஃபிரேமோட ஓரமா ஒரு முழு சுத்து ஓட்டுங்க, மேல ஆரம்பிச்சு வலது, கீழ, இடது. இந்த ஒரு பழக்கம் வந்துட்டாலே படம் சுத்தமாயிடும். ஓரத்துல பாதியா வெட்டுப்பட்ட ஆள், மூலையில வெள்ளையா ஒரு துண்டு வானம், உள்ள எட்டிப் பார்க்குற ஒரு கிளை, எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஆளை வெட்டித்தான் ஆகணும்னா மூட்டுல வெட்டாதீங்க, முட்டி, மணிக்கட்டு, கணுக்கால் இங்க எல்லாம் வெட்டினா கை கால் இல்லாத மாதிரி தோணும், தொடை நடுவுல, இடுப்புக்கு மேல வெட்டினா உறுத்தாது. அதே மாதிரி ரெண்டு பொருள் லேசா தொட்டும் தொடாமலும் இருந்தா கண்ணு அங்க போய் மாட்டிக்கும், ஒண்ணு நல்லா பிரிச்சு வைங்க, இல்ல ஒண்ணு மேல ஒண்ணு நல்லா ஏறட்டும்.

உங்க வாக்கியத்தை இங்க திரும்பச் சொல்லிப் பாருங்க, அந்த வாக்கியத்துல இல்லாதது ஃபிரேம்ல எதுக்கு இருக்கு? போக முடிஞ்சதை எல்லாம் வெளிய தள்ளுங்க.

சப்ஜெக்டை எங்க வைக்கிறது? இதுக்குத்தான் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு விதியைச் சொல்வாங்க, அதாவது ஃபிரேமை நீளத்துலயும் அகலத்துலயும் மூணு மூணா பிரிச்சு கோடுகள் வெட்டுற இடத்துல சப்ஜெக்டை வைக்கிறது, அதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம்னு நினைக்கிறேன். ஜான் தாமஸ் ஸ்மித்ங்கிற ஆங்கிலேய ஓவியர் 1797லயே இயற்கைக் காட்சி வரையுறதுக்காக எழுதி வச்சது அது, அப்போ கேமராவுல ஒரு படம்கூட எடுக்கப்படல. செட்டிங்ஸ்ல கிரிட் (ஸ்கிரீன்ல அந்தக் கோடுகளைக் காட்டுறது) ஆன் பண்ணிக்கோங்க, கோடுகள் வெட்டுற இடத்துல வச்சுப் பாருங்க, நடுவுல வச்சும் பாருங்க, எது உங்க வாக்கியத்துக்குப் பொருந்துதோ அதை வச்சுக்கோங்க. தண்ணியில பிரதிபலிப்பு, நேரா போற நடைபாதை இதெல்லாம் நடுவுல வச்சாதான் நல்லா இருக்கும். ஆள் ஒரு பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்க. கிரிட் உண்மையிலேயே உதவுறது அடிவானம் சாயாம இருக்குறதுக்குத்தான்.

ஏழாவது படி: ஃபிரேமை வச்சுட்டு காத்திருங்க

சில இடத்துல எல்லாம் சரியா இருக்கும், வெளிச்சம் இருக்கு, கோடு இருக்கு, பேக்ரவுண்ட் சுத்தமா இருக்கு, ஆனா படம் காலியா இருக்கும். அந்த இடத்துல ஃபிரேமை முடிவு பண்ணிட்டு நகராம நில்லுங்க. ஹென்றி கார்ட்டியே பிரெசோன்ங்கிற பிரெஞ்சு போட்டோகிராஃபர் 1932ல பிரான்ஸ்ல இயேர்ங்கிற ஊர்ல எடுத்த ஒரு படம் இருக்கு, மேல இருந்து பார்த்தா சுழன்று இறங்குற படிக்கட்டு, கீழ தெருவுல ஒரு சைக்கிள் மங்கலா விரையுது. சைக்கிளை விரலால மறைச்சுட்டுப் பாருங்க, அழகான படிக்கட்டு, அவ்ளோதான். விரலை எடுத்தா படிக்கட்டோட அந்தச் சுழற்சி அப்படியே சைக்கிளுக்குள்ள ஓடுறது தெரியும்.

நடக்குற ஆளை எடுக்கும்போது ரெண்டு காலும் விரிஞ்சிருக்குற நொடியில எடுங்க, கால் சேர்ந்திருந்தா தூண் மாதிரி தெரியும். ஷட்டர் ஸ்பீடு (கேமரா வெளிச்சத்தை உள்ள விடுற நேரம்) நடக்குறவங்களுக்கு 1/250 செகண்ட், ஓடுறவங்களுக்கும் சைக்கிளுக்கும் 1/500 செகண்ட் இல்ல அதைவிட வேகமா வச்சுக்கோங்க, போன்னா பர்ஸ்ட்ல (தொடர்ச்சியா படபடன்னு நிறைய படம் எடுக்குறது) எடுத்துட்டு அப்புறம் பொறுக்கிக்கலாம். ஆளோட முகம் தெளிவா வர்ற மாதிரி இருந்தா கேட்டுட்டு எடுங்க, குழந்தைங்கன்னா பெத்தவங்ககிட்ட. வேண்டாம்னு சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க, ஒருத்தரைச் சங்கடப்படுத்தி எடுக்குற அளவுக்கு எந்தப் படமும் முக்கியம் இல்ல.

எட்டாவது படி: அன்னைக்கே பார்த்து முடிவு பண்ணாதீங்க

எடுத்த அன்னைக்கு அந்த இடத்தோட காத்து, சத்தம், அலைச்சல் எல்லாம் மனசுல இருக்கும், படத்துல இல்லாததையும் இருக்குறதா நினைச்சுப்போம். ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாருங்க. முதல்ல கட்டைவிரல் நகம் அளவு சின்னதா வச்சுப் பாருங்க, அந்த அளவுலயும் எது எங்க இருக்குன்னு புரிஞ்சா கம்போசிஷன் நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் தலைகீழா திருப்பிப் பாருங்க, பொருள் என்னன்னு மூளைக்குப் புரியாததால வெறும் வடிவமும் வெளிச்சமும்தான் தெரியும், எந்தப் பக்கம் கனமா இருக்குன்னு பட்டுனு தெரிஞ்சிடும். கறுப்பு வெள்ளையா மாத்தியும் பாருங்க, நிறம் போனதும் சப்ஜெக்டும் பேக்ரவுண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சுன்னா நிறம் மட்டும்தான் அதைத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சுன்னு அர்த்தம்.

கடைசியா கூட இருக்குறவங்க யாருக்காச்சும் ரெண்டு செகண்ட் காட்டிட்டு மூடிடுங்க. நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, என்ன பார்த்தீங்கன்னு கேளுங்க. உங்க மனசுல இருந்த வாக்கியத்துக்குக் கிட்டத்துல ஏதாச்சும் சொன்னா அந்தப் படம் வேலை செய்யுது. "ஒரு நாற்காலி"ன்னு சொன்னாங்கன்னா நிழல் அவங்களுக்குப் போய்ச் சேரல, இன்னும் கீழ இறங்கி எடுத்திருக்கணும், இல்ல நாற்காலியை இன்னும் கொஞ்சம் வெளிய விட்டிருக்கணும்.

இந்த வாரமே தொடங்கணும்னா வீட்டுல ஏதாவது ஒரு சாதாரண பொருளை எடுத்து ஜன்னல் பக்கத்துல வச்சு இருபது படம் எடுங்க, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. ஏழு எட்டு வரைக்கும் சுலபமா வரும், பத்துல எல்லாம் தீர்ந்துடுச்சுன்னு தோணும், அங்க விட்டுடாதீங்க, பதினஞ்சுக்கு அப்புறம் வர்றதுதான் பார்க்க வேண்டியது. முடிச்சதும் ஒண்ணே ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, மத்த பத்தொன்பதுல எது திரும்பத் திரும்ப தப்பா வந்துச்சுன்னு, பேக்ரவுண்டா, ஓரமா, வெளிச்சமா, ஒரே ஒரு வார்த்தை எழுதி வைங்க. அடுத்த தடவை கேமராவோட கிளம்பும்போது அந்த ஒண்ணை மட்டும் கவனிங்க.